காற்றை நம்பி ஒரு தொழில்



வளைகுடா நாடுகளில் பத்தாண்டு, பதினைந்தாண்டு உழைத்துவிட்டுத் திரும்பும் நம் வீட்டுப் பிள்ளைகள், ஊரில் என்ன தொழில் தொடங்கலாம் என்று கேட்கும்போது, ஜவுளிக்கடை, கைப்பேசிக் கடை, வாடகை ஊர்தி என்பவற்றோடு இன்னொன்றையும் சிலர் சொல்லக் கேட்கின்றோம். "இணைய இணைப்புக் கொடுக்கலாம். கம்பி இழுக்க வேண்டியதில்லை. மாடியில் ஒரு கம்பம் நட்டால் போதும்" என்கிறார்கள். கம்பம் நடுவது எளிதுதான். நட்ட கம்பத்தைக் கொண்டு குடும்பம் நடத்துவது எத்தகையது என்பதை ஏழாண்டுக் காலம் அருகிருந்து பார்த்தவன் என்ற முறையில் இதனை எழுதுகின்றேன்.

நான் கல்லூரியில் வரலாறு படித்தவன். மதரஸாவில் பாடம் சொல்பவன். மின்னணுவியலுக்கும் எனக்கும் எட்டாத தொலைவு. ஆயினும் 2014-ஆம் ஆண்டில் என் பழைய மாணவர் ஒருவர் துபாயிலிருந்து திரும்பி வந்து எங்கள் மதரஸாவின் மொட்டைமாடியைக் கேட்டார். "ஹஜ்ரத், நம்ம தெருவிலேயே உயரமான மாடி இதுதான். ஒரு மூலை கொடுத்தால் போதும்" என்றார். நிர்வாகக் குழுவினர் இசைந்தனர். வாடகைக்குப் பதிலாக மதரஸாவுக்கு ஓர் இணைப்பு என்று பேச்சு. இருபதடி இரும்புக் குழாய் ஒன்று எழுந்தது. அதன் உச்சியில் தாம்பாளம் போன்ற ஆன்டெனா ஒன்று ஏறியது. அன்றிலிருந்து அவருடைய இன்பதுன்பங்கள் யாவும் எங்கள் மாடிப்படி வழியாகவே ஏறி இறங்கலாயின.

வட்டிக்குக் கடன் வாங்க அவருக்கு மனமில்லை. சேமிப்போடு துணைவியாரின் நகைகளில் ஒரு பகுதியையும் விற்றே முதல் போட்டார். இதனை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. கடனில் ஓடும் தொழில் ஒருநாள் கருவி பழுதானால் மறுநாள் புதிது வாங்கிவிடும். கைம்முதலில் ஓடும் தொழில் அடுத்த மாதச் சந்தா வரும்வரை காத்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் அதுவரை காத்திருப்பாரா?

தர்மசாலாவில் தொடங்கியது

நம் நாட்டில் இத்தொழிலுக்கு வாயில் திறந்தது 2005 ஜனவரியில். 2.4 கிகாஹெர்ட்ஸ் என்னும் அலைவரிசைப் பகுதியை, குறிப்பிட்ட ஆற்றல் வரம்புக்குள், கட்டடத்திற்கு வெளியேயும் தனி உரிமம் இன்றிப் பயன்படுத்தலாம் என்று நடுவண் அரசு அறிவித்தது. அடுத்த மாதமே இமயமலை அடிவாரத்துத் தர்மசாலாவில், அகதிகளாக வந்து வாழும் திபெத்தியரின் பள்ளிகளையும் நிறுவனங்களையும் இணைக்கும் வானொலி வலையமைப்பு ஒன்று உயிர்பெற்றது. யாஹெல் பென்-டேவிட் என்னும் இஸ்ரேலியத் தொழில்நுட்பர் அதற்கு முன்னின்றார். பிப்ரவரி இறுதிக்குள் எட்டு வளாகங்கள் இணைந்தன. பிறகு அது முப்பதுக்கும் மேற்பட்ட நிலையங்களாக வளர்ந்தது. 'ஏர்ஜல்தி' என்னும் பெயரில் அது இணைய சேவை நிறுவனமாகி, வேறு மாநிலங்களின் சிற்றூர்களுக்கும் பரவியது.

அந்தத் தொடக்க காலத்தின் ஒரு கணக்கை மட்டும் பாருங்கள். இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட கணினிகள். அவை அனைத்தும் பகிர்ந்துகொண்ட இணைய வேகம் மொத்தம் 6 மெகாபிட்! இன்று ஒரு வீட்டில் ஒரு பிள்ளை படம் பார்க்க அதனைவிடக் கூடுதலாகக் கேட்கிறது. மலைகள் ஒன்றையொன்று மறைத்தன. குரங்குகள் கம்பிகளைக் கடித்தன. மின்சாரம் நினைத்தபோது வந்து நினைத்தபோது போனது. ஒரு நிலையம் விழுந்தால் செய்தி வேறு நிலையத்தின் வழியாகச் சுற்றிச் செல்லும்படி வலையைப் பின்னியிருந்ததால் அது தாக்குப்பிடித்தது.

தேனி மாவட்டத்துப் பாடம்

அதே காலத்தில் நம் தமிழகத்தில், தேனியிலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனை போடிநாயக்கனூர், சின்னமனூர் போன்ற ஊர்களில் சிறு கண் மையங்களைத் திறந்தது. கூலிக்குச் செல்லும் ஒருவர் கண்ணைக் காட்டுவதற்காக ஒருநாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் இழக்க வேண்டாம். உள்ளூர் மையத்தில் பயிற்சி பெற்ற பெண் ஒருவர் பரிசோதிப்பார், தேனியிலுள்ள மருத்துவர் திரையில் பார்த்துப் பேசுவார் என்பது ஏற்பாடு. இந்த மையங்களை இணைத்தது வைஃபை அலைகளே. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் என்னும் பேராசிரியரின் குழு அதற்கு உதவியது.

இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்ல வேண்டும். வைஃபை என்பது ஒரு வீட்டுக்குள், ஓர் அலுவலகத்துக்குள் பேசிக்கொள்வதற்காக வகுக்கப்பட்டது. ஒரு துண்டுச் செய்தியை அனுப்பியதும் "கிடைத்தது" என்ற மறுமொழிக்காகக் கருவி காத்திருக்கும். சொற்ப நேரத்தில் வராவிட்டால் கடிதம் தொலைந்ததாகக் கருதி மீண்டும் அனுப்பும். அலை 10 கிலோமீட்டர் கடக்க எடுப்பது சுமார் 33 மைக்ரோ விநாடிதான். ஆனால் அக்கருவியின் பொறுமைக்கு அதுவே நெடுநேரம். மறுமொழி வந்து சேருமுன் மறுகடிதம் புறப்பட்டுவிடும், இரண்டும் மோதும். ஆகவே இரு முனைகளும் முறைவைத்துப் பேசும்படி அந்தக் குழுவினர் மென்பொருளை மாற்றி எழுதினர். இவ்வாறு மாற்றிய கருவிகளைக் கொண்டு 2007-இல் வெனிசுவேலா நாட்டின் இரு மலையுச்சிகளுக்கிடையே 382 கிலோமீட்டர் தொலைவு வரை இணைப்புக் கொடுத்துக் காட்டினார்கள்.

தொலைவை வென்றாயிற்று. அப்படியானால் எஞ்சிய இடர் எது? தேனி, தர்மசாலா இரண்டின் பட்டறிவையும் சேர்த்து 2008-இல் அவர்கள் ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். நான் அதனை அகராதியின் துணையோடு படித்தேன். பழுதுகளுக்குப் பெருங்காரணமாக அவர்கள் சுட்டியது வானொலியை அன்று, சுவரிலுள்ள மின்செருகியை! 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் திடீரென்று அதன் பன்மடங்கு பாயும். சில வேளை கருவி உயிர்வாழப் போதாத அளவுக்குத் தாழும். நினைவட்டையில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால் அட்டையே கெடும். மின்கலம் அடியோடு வடிந்து பாழாகும். கருவி இயங்கவில்லையா, இணைப்பு அறுந்ததா, மின்சாரம் இல்லையா என்று தொலைவிலிருந்து பிரித்தறியவும் வழியிராது. யாரேனும் வண்டி ஏறிப் போய்ப் பார்த்தாக வேண்டும். போய்ப் பார்க்க உள்ளூரில் ஆள் பழக்கப்பட்டிருக்க வேண்டும்.

இதனைப் படித்தபோது எனக்கு வியப்பே எழவில்லை. எங்கள் மாடியில் நடந்ததும் அதுவே. முதல் ஐப்பசி மழையில் ஒரே இடியில் ஆன்டெனா, அதன் கீழிருந்த ரவுட்டர், மதரஸாவின் கணினி மூன்றும் போயின. குழாய்க்கு எர்த் கொடுத்திருந்தார். கணினிக்கு வரும் கம்பியில் தடுப்பு வைக்கத் தவறியிருந்தார். அவர் வாய்திறந்து ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் எங்கள் கணினியைத் தம் செலவில் பழுது பார்த்துக் கொடுத்தார். பிறகு ஸ்டெபிலைசர், மின்கலம், இடிதாங்கி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஆன்டெனாவுக்குக் கொடுத்த விலையைக் காட்டிலும் அதனைக் காப்பாற்றக் கொடுத்த விலை மிகுதி என்று ஒருநாள் கணக்கெழுதிக் காட்டினார்.

தென்னை இன்னொரு கதை. அலை நூல் பிடித்தாற்போல் செல்வதில்லை. வெள்ளரிக்காயைப் போல நடுவழியில் பருத்துச் செல்கிறது. 5.8 கிகாஹெர்ட்ஸில் 10 கிலோமீட்டர் இணைப்பென்றால், நட்டநடுவில் நேர்கோட்டுக்கு மேலும் கீழும் ஏறத்தாழ 11 மீட்டர் வெளி அதற்குரியது. அதில் பெரும்பகுதி மறைப்பின்றி இருத்தல் வேண்டும். 2014-இல் கண்ணுக்குத் தெரியாமல் தாழ்ந்திருந்த தோப்பு ஒன்று மூன்றாண்டில் தலை நிமிர்த்தியது. மழை நனைத்த ஓலைகள் அலையைக் குடித்தன. தோப்புக்காரரிடம் மரத்துக்கு விலை பேசலாம் என்று சிலர் சொன்னார்கள். என் மாணவர் மறுத்து, கம்பத்தையே பத்தடி உயர்த்தினார்.

மாலை ஏழு மணி

வாசகர்களே, மேற்கண்டவை யாவும் கண்ணுக்குத் தெரியும் இடர்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றுதான் இத்தொழிலின் உயிர்நிலை. அது பங்கீட்டுக் கணக்கு.

சிறு சேவையாளர் இணையத்தைத் தாமே விளைவிப்பவர் அல்லர். மேலேயுள்ள பெருநிறுவனத்திடம் மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்பவர். என் மாணவர் 2015-இல் வாங்கியது 50 மெகாபிட். விற்றது 120 வீடுகளுக்கு, வீட்டுக்கு 2 மெகாபிட். கூட்டினால் 240! இது மோசடியன்றோ என்று நானே கேட்டேன். மார்க்கக் கல்வி போதிப்பவன் கேட்காமல் இருக்க முடியுமா? அவர் பொறுமையாக விளக்கினார். ஊர்க்குழாயில் எல்லா வீட்டாரும் ஒரே நொடியில் திறப்பதில்லை. அந்த நம்பிக்கையில்தான் தொட்டி கட்டுகிறார்கள். உலகெங்கும் இணையம் இப்படித்தான் விற்கப்படுகிறது என்றார். "வரை" என்ற சொல்லை ரசீதில் பெரிய எழுத்தில் அச்சிடு என்றேன். அச்சிட்டார்.

ஆனால் மாலை ஏழு மணிக்கு எல்லாரும் ஒருசேரக் குழாயைத் திறந்தார்கள். கிரிக்கெட் ஆட்டமுள்ள இரவுகளில் அவருடைய கைப்பேசி ஓயாது. இன்னும் 20 மெகாபிட் வாங்கினால் புகார் தீரும், அவருடைய ஆதாயமும் தீரும். வாங்காவிட்டால் வாடிக்கையாளர் போவார். வசூலில் பாதிக்குமேல் ஏற்கெனவே மேல்நிறுவனத்திற்குப் போய்க்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு, ஒருமுறை அந்நிறுவனத்தின் கம்பியைச் சாலை தோண்டுவோர் அறுத்துவிட, நான்கு நாள் ஊரே இருண்டது. பழி அவர் தலையில்தான் விழுந்தது. சந்தாவில் நான்கு நாள் தொகையை அவர் கழித்துக் கொடுத்தார். மேல்நிறுவனம் அவருக்குக் கழிக்கவில்லை.

உரிமமற்ற அலைவரிசை என்பதற்கு மறுபக்கமும் உண்டு. யாரும் பயன்படுத்தலாம் என்றால் யாரும் குறுக்கிடலாம் என்பதும் அதில் அடக்கம். புகார் சொல்ல இடமில்லை. பேருந்து நிலையத்துப் பக்கம் இன்னொருவர் கம்பம் நட்டு, வலிமையைக் கூட்டி வைத்தபோது இவருடைய இணைப்புகள் தடுமாறின. இருவரும் தேநீர்க் கடையில் உட்கார்ந்து எந்தத் தடம் யாருக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் பெரும்பரப்பை 2018 அக்டோபரில் அரசு விடுவித்த பிறகே நெருக்கடி சற்றுத் தணிந்தது.

அலைவரிசைக்கு உரிமம் வேண்டாம் என்பதனால் தொழிலுக்கே உரிமம் வேண்டாம் என்று எண்ணிவிடாதீர்கள். இணையம் விற்க அரசின் உரிமம் கட்டாயம். 2013-இல் வந்த ஒருங்கிணைந்த உரிம முறையில் நாடு முழுமைக்கும், மாநில அளவுக்கும், சிறு வட்டாரத்துக்கும் என ஏ, பி, சி என்று மூன்று பிரிவுகள் வகுத்தார்கள். எவர் எப்போது எந்த முகவரியிலிருந்து இணையத்துக்குள் சென்றார் என்னும் பதிவைக் காக்க வேண்டிய காலத்தை 2021 டிசம்பரில் ஓராண்டிலிருந்து ஈராண்டாக்கினர். ஆயிரம் பொறியாளர் உள்ள நிறுவனத்துக்கும், ஏணியும் கணக்குப் புத்தகமும் ஒருவரே சுமக்கும் நிறுவனத்துக்கும் இவ்விதி ஒன்றே. ஆகவே என் மாணவரைப் போன்றோர் உரிமம் பெற்ற ஒருவரின் கீழ்ப் பங்காளராகவே இயங்குகின்றனர்.

2016 செப்டம்பர்

அந்த மாதம் ஜியோ நிறுவனம் கைப்பேசி இணையத்தை விலையின்றி வழங்கத் தொடங்கியது. ஆண்டிறுதி வரை என்று தொடங்கிய இலவசம் 2017 மார்ச் வரை நீண்டது. வாடிக்கையாளரைக் குறை சொல்வதற்கில்லை. எவர்தாம் இலவசத்தை விட்டுக் காசு கொடுப்பார்? ஆறு மாதத்தில் 120 வீடுகள் 45 ஆயின. அந்தக் குளிர்கால மாலைகளில் அவர் மாடிக்கு வருவார். பழுது ஒன்றும் இருக்காது. சற்று நேரம் கம்பத்தடியில் நின்றுவிட்டு இறங்கிப் போவார். அவருடைய உம்மா என்னிடம் வந்து, "ஹஜ்ரத், திரும்பவும் துபாய்க்கே போகச் சொல்லுங்க" என்று கண் கலங்கினார். நான் சொல்லவில்லை. சொல்லாதது சரியா என்று அப்போது எனக்கு உறுதி இருக்கவில்லை.

எஞ்சிய 45 வீடுகள் அவரைக் காப்பாற்றின. காரணம் எளியது. கைப்பேசிக் கோபுரத்தின் அலை எட்டாத வீடுகள் அவை. பழுதென்றால் அரைமணியில் வந்து நிற்பவர் இவர் ஒருவரே. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து பிள்ளைகளின் பாடங்கள் திரைக்கு மாறியபோது விட்டுச் சென்றோரும் திரும்பினர். ஒரே வாரத்தில் இருபது விண்ணப்பங்கள். கருவி வாங்கக் கடைகள் திறந்திருக்கவில்லை. பழைய ஆன்டெனாக்களைத் துடைத்துப் பூட்டினார். கட்டணம் செலுத்த இயலாத வீடுகளின் பட்டியல் ஒன்று தனியாக வைத்திருந்தார். அதனை எனக்கும் காட்டவில்லை.

2021-இல் அவர் கண்ணாடி இழைக்கு மாறினார். தெருக்களில் கம்பி இழுத்து, வேறொரு நிறுவனத்தின் பங்காளராகி, இப்போது இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகளுக்குக் கொடுக்கிறார். மழைக்கும் தென்னைக்கும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் ஏரிக்கு அப்பால் நான்கு வீடுகள் உண்டு. அங்கே இழை இழுக்க இரண்டு கிலோமீட்டர் கம்பி வேண்டும்; நான்கு வீட்டுச் சந்தாவில் அந்தச் செலவு எந்தக் காலத்திலும் மீளாது. ஆகவே அந்த நான்கு வீடுகளுக்காக எங்கள் மாடிக் கம்பம் நிற்கிறது. காற்றடித்த இரவுகளில் அவர் கைவிளக்கோடு வந்து ஆன்டெனாவின் முகத்தை ஏரிப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போகிறார். என் உறக்கம் கெடாதிருக்கட்டும் என்று மாடிப்படிக் கதவுக்கு இரண்டாவது சாவி செய்து அவரிடமே கொடுத்துவிட்டேன்.