அன்னா: சிறிய பெயர், பெரிய பொருள்



குப்பனூர் வழியாக மலையேறி ஏற்காட்டுக்குச் சென்றால், ஏரிக்கு அருகில் அண்ணா பூங்காவைக் காண்கிறோம். அப்பெயரை ஆங்கிலத்தில் வாசிக்கும் வெளிநாட்டவர் அதை ஒரு பெண்ணின் பெயர் என்றே எண்ணக்கூடும். நமக்கோ அது அறிஞர் அண்ணாவின் பெயர். 1957-இல் நயா பைசா வரும்வரை ரூபாய்க்குப் பதினாறு என்று நாம் எண்ணிய அணாவுக்கும், நம் அன்னம்மாள் பாட்டியின் பெயரில் உள்ள அன்னாவுக்கும் ஆங்கிலத்தில் அதே நான்கு எழுத்துகள்தான்!

எழுத்து ஒன்றானாலும் வேர் வேறு. தமிழிலும் தெலுங்கிலும் அது மூத்த சகோதரன். வடமொழியில் அன்னம் என்றால் உணவு. தமிழில் அன்னம் ஒரு பறவையும்கூட. துருக்கி மொழியில் 'அனா' என்றால் தாய். நம் 'அன்னை'யைப் போலவே ஒலித்தாலும் அது வேறு சொல். ஜப்பானிய மொழியில் 'ஹனா' என்றால் மலர்.

விவிலியத்தில் வரும் அன்னா எபிரேயப் பெயர். மூலத்தில் 'ஹன்னா'. அதன் பொருள் அருள். பிள்ளையின்றிக் கண்ணீர்விட்டு மன்றாடி, சாமுவேலைப் பெற்ற தாய் அன்னா. கோவிலில் குழந்தை இயேசுவைக் கண்டு கடவுளைப் புகழ்ந்த இறைவாக்கினரும் அன்னா (லூக்கா 2:36). அன்னை மரியாவின் தாயின் பெயர் விவிலியத்தில் இல்லை. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த 'யாக்கோபின் முதல் நற்செய்தி' என்ற நூல் வழியாகவே நமக்குக் கிடைத்தது. சுவக்கின், அன்னா விழாவை ஜூலை 26-இல் கொண்டாடுகிறோம்.

இதே வேரிலிருந்து பிறந்ததே யோவான் என்ற பெயரும். 'ஆண்டவர் அருள்கூர்ந்தார்' என்பது அதன் பொருள். அதனால்தான் நம் முன்னோர் யோவானை 'அருளப்பர்' என்றனர். 1693-இல் ஓரியூரில் மறைசாட்சியாக உயிர்நீத்த ஜான் தெ பிரிட்டோவும் 'அருளானந்தர்' ஆனார். ஆக, அன்னம்மாளும் அருளப்பனும் ஒரே வேரில் கிளைத்த பெயர்கள்!

குழந்தைகள் தவறிப்போன வீட்டில் அடுத்துப் பிறந்த பிள்ளைக்குக் குப்பன், குப்பம்மாள் என்று பெயரிடுவது நம் கிராமங்களின் பழைய வழக்கம். இதுவாவது பிழைக்கட்டும் என்ற தாயின் ஏக்கம் அப்பெயரில் இருக்கிறது. அன்னாவும் தன் மகனுக்குச் சாமுவேல் என்று பெயரிட்டபோது, ஆண்டவரிடம் கேட்டுப் பெற்றதையே நினைவுகூர்ந்தார். பெயர் அழகுக்காக மட்டும் வைப்பதல்ல. அது ஒரு மன்றாட்டு.

இன்று திருமுழுக்குக்குப் பெயர் தேடும்போது, கேட்க இனிமையாக இருந்தால் போதும் என்று பல வேளைகளில் நின்றுவிடுகிறோம். பாட்டியின் பெயரைப் பழசு என்று ஒதுக்குகிறோம். அப்படி ஒதுக்குமுன் அதன் பொருளை ஒருமுறை கேட்போம். நம் பிள்ளைகளுக்கும் அவர்கள் பெயரின் கதையைச் சொல்வோம். அன்னம்மாள் என்று அழைக்கும் ஒவ்வொரு முறையும் நாம் உச்சரிப்பது 'அருள்' என்ற சொல்லை அல்லவா?