பருவமும் குடல் நோய்களும்: கங்கைக் கழிமுகம் தரும் பாடம்

குடல் நோய்கள் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் பரவுவதில்லை. அவற்றின் ஏற்ற இறக்கம் பருவங்களை ஒட்டியே அமைகிறது. இத்தொடர்பைத் தெளிவாகக் காட்டும் இடம், மேற்கு வங்காளத்திலும் வங்காளதேசத்திலும் பரந்துள்ள கங்கைக் கழிமுகம்.

1884-ல் ஜெர்மன் அறிஞர் ராபர்ட் கோக், கல்கத்தாவில் மக்கள் பயன்படுத்திய குளமொன்றின் நீரில் காலராக் கிருமியைக் கண்டார். இக்கிருமி மனிதக் குடலை விட்டு நெடுநாள் வாழாது என்றே பின்னரும் நெடுங்காலம் கருதப்பட்டது. கழிமுகத்தின் உவர்நீரில் மிதக்கும் நுண்ணுயிரினங்களோடு ஒட்டி அது இயற்கையாகவே வாழ்கிறது என்பதை ரீட்டா கோல்வெல் முதலிய ஆய்வாளர்கள் பிற்காலத்தில் நிறுவினர்.

இரு உச்சங்கள்

வங்காளதேசத்தில் காலரா ஆண்டுக்கு இருமுறை மிகுகிறது. மழைக்கு முந்திய கோடையில் ஆறுகள் வற்ற, கடலின் உவர்நீர் உள்நாட்டினுள் ஏறுகிறது. வெப்பத்தில் கிருமி பெருகுகிறது. எஞ்சிய சில நீர்நிலைகளையே எல்லோரும் நாடுகின்றனர். மழைக்குப் பின்னரோ, வெள்ளம் கழிவைக் குளங்களிலும் கிணறுகளிலும் கலந்துவிடுகிறது.

எல்லாக் குடல் நோய்களும் வெப்பத்தில் மிகுவதில்லை. குழந்தைகளைத் தாக்கும் ரோட்டா வைரஸ் வட இந்தியாவில் குளிர்காலத்தில் மிகுதி. அதைத் தடுக்கத் தூய நீர் மட்டும் போதாது. தடுப்பு மருந்தும் வேண்டும். 2016 முதல் இந்தியத் தடுப்பூசித் திட்டத்தில் அது படிப்படியாகச் சேர்க்கப்பட்டது.

வாய்ப்பும் காரணமும்

ஒரே மழை பெய்யும் ஊரில், காப்பான குழாய்நீரும் கழிப்பறையும் உள்ள வீடுகளில் நோய் குறைவு. இல்லாத வீடுகளில் மிகுதி. ஆகவே பருவம் நோய்க்கு வாய்ப்பளிக்கிறது; வசதிக்குறைவே அவ்வாய்ப்பை நோயாக்குகிறது. வங்காளதேசத்தின் மத்லப் பகுதியில், பழைய சேலைத் துணியைப் பல மடிப்பாக மடித்து நீரை வடிகட்டிய சிற்றூர்களில் காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததென 2003-ல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

1971-ல் போன்கான் அகதி முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகலனோபிஸ் குழுவினர் உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலைப் பருகக் கொடுத்தனர். நூற்றுக்கு 30 வரை இருந்த இறப்பு, 4-க்கும் கீழே இறங்கியது.

பருவத்தை மாற்ற இயலாது. ஆனால் அதன் வருகையை முன்கூட்டியே அறியலாம். குடிநீர்க் குழாய்களின் கசிவை அடைத்தல், கிணறுகளுக்குக் குளோரின் இடுதல், சிற்றூர்களில் கரைசல் பொட்டலங்களை இருப்பு வைத்தல் ஆகியவை மழைக்கு முன்பே முடிதல் வேண்டும். நோய் பரவிய பின் ஒதுக்கப்படும் பணம் சிகிச்சைக்கே செலவாகும். முன்னரே ஒதுக்கப்படுவது, உழைக்கும் குடும்பத்தின் கூலி நாட்களையும் குழந்தையின் உயிரையும் காக்கும்.