குடும்பத்தோடு கனடா போக எவ்வளவு பணம் வேண்டும்? அரசு கேட்கும் தொகையும் உண்மையில் ஆகும் செலவும்

"பி.ஆர். மட்டும் வரட்டும், மத்ததை அங்க போய் பார்த்துக்கலாம்." கனடா போகும் முடிவில் இருக்கும் நண்பர் யாராவது இதை உங்களிடம் சொல்லியிருப்பார். நீங்களே சொல்லியும் இருக்கலாம். அந்த 'மத்ததை'ப் பார்த்துக்கொள்ள எவ்வளவு பணம் வேண்டும் என்பதற்கு கனடா அரசே ஒரு எண் வைத்திருக்கிறது. 4 பேர் கொண்ட குடும்பத்துக்கு 28,362 கனடிய டாலர். 2025 ஜூலையில் நடைமுறைக்கு வந்த தொகை இது. ஒரு டாலர் 65 ரூபாய் என்று வைத்தால் சுமார் 18.4 லட்சம் ரூபாய்.

பலர் இந்தத் தொகையை 'குடியேறும் செலவு' என்றே நினைக்கிறார்கள். இது செலவுக் கணக்கு இல்லை, உள்ளே விடுவதற்கான குறைந்தபட்ச நிபந்தனை. அதுக்கும் நிஜச் செலவுக்கும் எவ்வளவு இடைவெளி என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

28,362 என்ற எண் எங்கிருந்து வருகிறது?

எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில், ஃபெடரல் ஸ்கில்டு ஒர்க்கர் பிரிவில் விண்ணப்பிப்பவர்கள் 'செட்டில்மென்ட் ஃபண்ட்ஸ்' காட்ட வேண்டும். கனடாவில் ஏற்கெனவே அனுமதியோடு வேலை பார்த்து, தகுதியான வேலை ஆஃபரும் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் கிளாஸ் பிரிவுக்கும் இது தேவையில்லை.

தொகையை நிர்ணயிக்கும் விதம்தான் முக்கியம். கனடாவில் 'லைகோ' எனப்படும் குறைந்த வருமான எல்லை ஒன்று உண்டு. உணவு, வீடு, உடை ஆகியவற்றுக்கே வருமானத்தின் பெரும்பகுதியைச் செலவிடும் குடும்பங்களை அடையாளம் காணும் கோடு அது. அந்த ஆண்டு வருமானத்தில் சரிபாதிதான் செட்டில்மென்ட் ஃபண்ட்ஸ். அதாவது, மிகக் குறைந்த வருமானத்தில் வாழும் ஒரு குடும்பத்தின் 6 மாதப் பணம்.

இன்னொரு விஷயமும் இருக்கு. இந்தக் கோடு 1992-ம் ஆண்டின் குடும்பச் செலவு முறையை அடிப்படையாக வைத்து, விலைவாசிக்கு ஏற்ப ஏற்றப்பட்டு வருவது. கனடாவே தன் அதிகாரப்பூர்வ வறுமைக்கோட்டுக்கு 2018-ல் வேறு அளவுகோலுக்கு மாறிவிட்டது. இன்றைய டொராண்டோ வாடகையை 1992-ன் செலவு முறையில் தேடினால் கிடைக்காது.

விமானம் ஏறும் முன் எவ்வளவு?

ஒரு மாதிரிக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். சென்னையில் வேலை பார்க்கும் கணவன், மனைவி, 8 வயதிலும் 4 வயதிலும் இரண்டு குழந்தைகள். போகும் இடம் டொராண்டோ பகுதி. கீழே உள்ள அரசுக் கட்டணங்கள் 2024 ஏப்ரல் 30 முதல் நடைமுறைக்கு வந்தவை.

- கணவன், மனைவி விண்ணப்பக் கட்டணமும் பி.ஆர். உரிமைக் கட்டணமும்: தலா 1,525 டாலர்
- இரண்டு குழந்தைகள்: தலா 260 டாலர்
- பயோமெட்ரிக்ஸ்: 170 டாலர்

மொத்தம் 3,740 டாலர், ஏறக்குறைய 2.4 லட்சம் ரூபாய். இருவருக்கும் ஆங்கிலத் தேர்வு, கல்விச் சான்று மதிப்பீடு, நான்கு பேருக்கும் மருத்துவப் பரிசோதனை, போலீஸ் சான்றிதழ் எல்லாம் சேர்த்து இன்னும் 1 லட்சம் ஒதுக்குங்கள். நான்கு டிக்கெட்டுக்கு 2.5 லட்சம். ஆக, கிளம்பும் முன்பே சுமார் 6 லட்சம் காலி. இது செட்டில்மென்ட் ஃபண்ட்ஸில் சேராது. அந்த 18.4 லட்சத்துக்கு மேல் வேண்டிய பணம்.

ஏஜென்ட் கட்டணத்தை இதில் சேர்க்கவில்லை. ஏஜென்ட் கட்டாயமும் இல்லை, நீங்களே ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம்.

முதல் மாதம் ஏன் இவ்வளவு இழுக்கிறது?

இங்கிருந்து சில மதிப்பீடுகளைப் பயன்படுத்துகிறோம். வாடகை, மளிகை எல்லாம் பகுதிக்குப் பகுதி மாறும் என்பதால் உங்கள் எண்ணைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

- தற்காலிகத் தங்கல், இரண்டு வாரம்: 1,500 டாலர்
- இரண்டு படுக்கையறை வீடு, மாதம் 2,400 வீதம் முதல் மாத, கடைசி மாத வாடகை: 4,800
- மெத்தை, மேசை, சமையல் பாத்திரங்கள்: 2,000
- நான்கு பேருக்குக் குளிர்கால உடை, பூட்ஸ்: 1,000
- சிம், இன்டர்நெட் இணைப்பு, வாடகைதாரர் இன்சூரன்ஸ் போன்றவை: 500
- மளிகை, மின்சாரம், பஸ், இதர செலவு: 2,100

மொத்தம் 11,900 டாலர். கொண்டுபோன பணத்தில் 40 சதவீதத்துக்கும் மேல் முதல் மாதமே போய்விடுகிறது.

நம்ம ஊர் மாதிரி 10 மாத அட்வான்ஸ் அங்கே கிடையாது. ஒன்டாரியோ மாகாணச் சட்டப்படி, உரிமையாளர் முன்பணமாக ஒரு மாத வாடகை வரைதான் வாங்கலாம். அதையும் கடைசி மாத வாடகையாகத்தான் கழிக்க வேண்டும். ஆனால் புதிதாக வருபவரிடம் கனடிய கிரெடிட் ஹிஸ்டரியும் இருக்காது, சம்பளச் சீட்டும் இருக்காது. எனவே வீடு கிடைப்பதே சிக்கல். ஸ்கார்பரோ போன்ற தமிழர்கள் அதிகம் வாழும் பகுதிகளில் தெரிந்தவர் மூலம் பேஸ்மென்ட் வீடு கிடைத்தால் வாடகையும் குறையும், கேள்விகளும் குறையும். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா என்பதை மட்டும் விடாதீர்கள்.

வேலை கிடைக்க ஒவ்வொரு மாதம் தள்ளிப்போனால்?

இரண்டாவது மாதத்திலிருந்து வாடகை 2,400, இதர செலவு 2,100. மாதம் 4,500 டாலர், அதாவது சுமார் 2.9 லட்சம் ரூபாய். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு எண்ணை நினைவில் வைக்க வேண்டுமென்றால், அது இதுதான். வேலை இல்லாத ஒவ்வொரு மாதத்தின் விலை.

- 4-வது மாதத் தொடக்கத்தில் முதல் சம்பளம் வந்தால், அதுவரை செலவு 20,900 டாலர். கையில் 7,462 டாலர் மிஞ்சும்.
- 6 மாதம் முழுக்க வருமானம் இல்லையென்றால் செலவு 34,400 டாலர். 6,038 டாலர் பற்றாக்குறை, அதாவது 3.9 லட்சம் ரூபாய்.
- 9 மாதம் என்றால் செலவு 47,900 டாலர். பற்றாக்குறை 19,538 டாலர், அதாவது 12.7 லட்சம் ரூபாய்.

"அதுவரைக்கும் ஏதாவது ஒரு வேலை பார்ப்போம்" என்பது எல்லோரும் சொல்லும் பதில். சரி, அதையும் கணக்கிடுவோம். ஒன்டாரியோவில் குறைந்தபட்ச ஊதியம் 2025 அக்டோபர் முதல் மணிக்கு 17.60 டாலர். வாரம் 37.5 மணி நேரம் வேலை பார்த்தால் மாதம் 2,860 டாலர், அதுவும் பிடித்தங்களுக்கு முன். வாடகை 2,400, மளிகைக்கு 1,000 என்று வைத்தால் இவை இரண்டுக்கே போதாது. ஒருவர் மட்டும் இப்படி வேலை பார்த்தால் சேமிப்பு கரையும் வேகம் குறையும், ஆனால் நிற்காது.

குழந்தைகளுக்கு என்ன கிடைக்கும்?

கனடா சைல்டு பெனிஃபிட் என்பது குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கு அரசு மாதாமாதம் தரும் வரியில்லாத தொகை. 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரையான ஆண்டுக்கு அதிகபட்சம், 6 வயதுக்குக் கீழ் 7,997 டாலர். 6 முதல் 17 வயது வரை 6,748 டாலர். நம் மாதிரிக் குடும்பத்துக்கு மாதம் சுமார் 1,229 டாலர்.

குடும்பத்தின் நிகர வருமானம் 37,487 டாலருக்குள் இருந்தால் முழுத் தொகையும் கிடைக்கும். புதிதாக வருபவர்களுக்கு இந்தியாவில் சம்பாதித்த வருமானத்தை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். 65 ரூபாய் கணக்கில் அது சுமார் 24 லட்சம். அதற்கு மேல் போகப்போகத் தொகை குறையும். விண்ணப்பித்துப் பணம் கைக்கு வர சில மாதங்கள் ஆகலாம், நிலுவை சேர்ந்து வரும். எனவே கனடாவின் அடையாள எண்ணான 'சின்' கிடைத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை இதுவே.

கவனிக்க: பி.ஆர். குடும்பத்துக்கு இது தொடக்கத்திலிருந்தே உண்டு. ஒர்க் பெர்மிட்டில் போகும் குடும்பம் 18 மாதம் கனடாவில் இருந்திருக்க வேண்டும்.

அரசுப் பள்ளிக்குக் கட்டணம் இல்லை. ஒன்டாரியோவில் 4 வயது ஆகும் ஆண்டிலேயே கிண்டர்கார்டன் சேர்க்கலாம். உங்கள் குழந்தைக்கு 2 வயது என்றால் கதை வேறு. மானியத் திட்டத்தில் உள்ள மையங்களில் 2025 முதல் நாளுக்கு 22 டாலர்தான் உச்சவரம்பு, ஆனால் அங்கே காத்திருப்புப் பட்டியல் நீளம். இடம் கிடைக்கும் வரை இருவரில் ஒருவர் வேலைக்குப் போக முடியாது. அதுவும் ஒரு செலவுதான்.

பணத்தைக் காட்டுவதில் எங்கே மாட்டிக்கொள்கிறார்கள்?

முதலாவது, கடன் வாங்கிய பணம் செல்லாது. மாமா 10 லட்சம் போட்டுவிட்டு பிறகு எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு விதிமீறல். வங்கிக் கடிதத்தில் தற்போதைய இருப்போடு கடந்த 6 மாத சராசரி இருப்பும் உங்கள் கடன்களும் இருக்க வேண்டும். கடைசி வாரம் வந்த பணம் அதில் அப்பட்டமாகத் தெரியும்.

இரண்டாவது, வீடு, மனை ஆகியவற்றின் மதிப்பு கணக்கில் வராது. விற்றுப் பணமாக்கினால்தான் உண்டு.

மூன்றாவது, தனியாகப் போனாலும் குடும்ப அளவு குறையாது. மனைவியும் குழந்தைகளும் பிறகு வந்தாலும், வராவிட்டாலும், 4 பேருக்கான தொகையைத்தான் காட்ட வேண்டும். தனிநபருக்கான 15,263 டாலர் உங்களுக்குப் பொருந்தாது.

பணத்தை அனுப்பும்போது 1.7 லட்சம் ஏன் முடங்குகிறது?

வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ரிசர்வ் வங்கித் திட்டத்தில், ஒருவர் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பினால், மேலே உள்ள தொகைக்கு 20 சதவீதம் டி.சி.எஸ். பிடிப்பார்கள். 2025 ஏப்ரல் முதல் இந்த 10 லட்சம் வரம்பு அமலில் இருக்கிறது. 18.4 லட்சத்தையும் ஒருவரே அனுப்பினால் சுமார் 1.7 லட்சம் பிடிபடும்.

இது போன பணம் இல்லை, வருமான வரி தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், திரும்பவும் பெறலாம். ஆனால் ரொம்பத் தேவைப்படும் நேரத்தில் கையில் இருக்காது. வரம்பு ஒவ்வொருவருக்கும் தனித்தனி என்பதால், கணவன், மனைவி இருவரும் தங்கள் தங்கள் கணக்கிலிருந்து 10 லட்சத்துக்குள் அனுப்பினால் பிடித்தமே இல்லை. கையில் ரொக்கமாக 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரைதான் கொண்டுபோகலாம். கனடாவில் இறங்கும்போது 10,000 கனடிய டாலரோ அதற்கு மேலோ இருந்தால், டிராஃப்ட் உட்பட, அதிகாரியிடம் சொல்லியே ஆக வேண்டும்.

ஒருவர் முதலில் போனால்?

கணக்குப்படி பெரிய வித்தியாசம் இங்கேதான். ஒருவர் மட்டும் பகிர்ந்த அறையில் தங்கினால் மாதம் 1,500 டாலரில் சமாளிக்க வாய்ப்பு உண்டு. 4,500-க்கும் 1,500-க்கும் இடையே மாதம் கிட்டத்தட்ட 2 லட்சம் ரூபாய் மிச்சம். இன்னொருவரின் இந்தியச் சம்பளமும் தொடரும்.

நிபந்தனைகள் உண்டு. முதன்மை விண்ணப்பதாரர்தான் முதலில் இறங்க வேண்டும். குடும்பத்தின் பி.ஆர். ஆவணத்தில் உள்ள காலாவதித் தேதிக்குள் எல்லோரும் வந்துவிட வேண்டும். குழந்தைகள் அங்கே வரும்வரை சைல்டு பெனிஃபிட் கிடையாது. ஒரு குளிர்காலம் முழுக்க வீடியோ காலில் குழந்தைகளைப் பார்ப்பதை எந்த எக்செல் ஷீட்டிலும் போட முடியாது. அதை நீங்கள்தான் பேசி முடிவெடுக்க வேண்டும்.

மற்ற நாடுகளிலும் இதே கணக்கா?

இல்லை. பிரிட்டனில் செலவு முன்னாலேயே வந்துவிடும். ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் 5 ஆண்டுக்குப் போனால் மருத்துவக் கூடுதல் கட்டணம் பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, குழந்தைக்கு 776. நான்கு பேருக்கு 18,110 பவுண்டு, மொத்தமாக முதலிலேயே. 2025 ஏப்ரல் கட்டணப்படி விசாவுக்கு இன்னும் 6,076 பவுண்டு. பவுண்டு 115 ரூபாய் என்றால் மொத்தம் 27.8 லட்சம். ஆனால் கையில் வேலையோடு போகிறீர்கள். சில நிறுவனங்கள் இந்தச் செலவை ஏற்கும். ஆஃபரில் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். கனடாவில் நேர்மாறு. நுழைவுக் கட்டணம் குறைவு, வேலை தேடும் காலத்தின் செலவு முழுக்க உங்கள் தலையில்.

அப்போ எவ்வளவு வைத்துக்கொண்டு கிளம்பணும்?

எல்லோருக்கும் பொருந்தும் ஒரு தொகை இல்லை, ஒரு சூத்திரம் இருக்கிறது. கிளம்பும் முன் 6 லட்சம், முதல் மாதம் 7.7 லட்சம், அதன்பின் வருமானம் வரும்வரை மாதம் 2.9 லட்சம். 6 மாதத்துக்குத் திட்டமிட்டால் சுமார் 28 லட்சம். இங்கே வீட்டுக் கடன் இ.எம்.ஐ. ஓடினால் அதையும், பெற்றோருக்கு அனுப்பும் பணத்தையும், அவசரத்துக்குத் திரும்பிவர 4 டிக்கெட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் துறையில் அங்கே உரிமம் தேவையா என்பதையும் முதலில் பாருங்கள். நர்ஸ், ஆசிரியர் போன்ற வேலைகளில் பதிவு முடியும்வரை அந்த வேலையைப் பார்க்கவே முடியாது. அவர்களுக்கு 6 மாதம் என்பது நம்பிக்கையான கணக்கு.

செட்டில்மென்ட் ஃபண்ட்ஸ் தொகை ஆண்டுதோறும் மாறுகிறது, கட்டணங்களும் அவ்வப்போது ஏறுகின்றன. விண்ணப்பிக்கும் நாளில் கனடா குடிவரவுத் துறையின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். அதன்பிறகு வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 'எத்தனை மாதம் சம்பளமே இல்லாமல் நம்மால் தாக்குப்பிடிக்க முடியும்?'