பேரோசையினிடையே ஒரு பெண்குரல்

மெற்றல் என்னும் மேனாட்டு இசைவகையின் பெயரைக் கேட்டமாத்திரத்தே காதைப் பொத்திக்கொள்வோர் பலர். முரசின் முழக்கமும் மின்கிற்றாரின் உறுமலும் ஒன்றாகி எழும் அந்தப் பேரோசையில் இசை எங்கே இருக்கின்றது என்று அவர்கள் வினவுவர். வினா நியாயமானதே. ஆயினும் அவ்வாறு வினவுவோரும் உட்புகுதற்கு ஏற்ற வாயில் ஒன்று உண்டு. 1998ஆம் ஆண்டின் இறுதியில் பின்லாந்து நாட்டில் வெளிவந்த 'ஓஷன்போர்ன்' என்னும் இசைத்தொகுப்பே அது. கடலிற் பிறந்தது என்பது அப்பெயரின் பொருள். ஆக்கியோர் நைற்விஷ் என்னும் குழுவினர். அதனை முதன்முதற் கேட்பவர், உறுமலை எதிர்பார்த்து இருக்க, அவ்வுறுமலின்மேலே ஒப்பெரா எனப்படும் இசைநாடக அரங்கிற்குரிய பெண்குரல் ஒன்று எழுந்து நிற்பதைக் கண்டு திகைப்பர்.

அத்திகைப்பின் காரணத்தை அறியவேண்டுமாயின், அந்த உறுமல் எவ்வாறு பிறக்கின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். மெற்றல் இசையின் தொடக்கம் 1970ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரத்துப் பிளாக் சபத் குழுவினர் வெளியிட்ட முதற்றொகுப்பு என்பது பெரும்பாலோர் கருத்து. அக்குழுவின் கிற்றார்க் கலைஞர் தோனி அயோமி இளமையிலே உலோகத்தகட்டுத் தொழிற்சாலையொன்றில் வேலைசெய்தபொழுது, வலக்கையின் இரு விரல்நுனிகளை இயந்திரத்திற்குப் பறிகொடுத்தவர். விரல்களுக்குத் தாமே உறைகள் செய்து அணிந்தார். பின்னர், நோவு குறையவேண்டித் தந்திகளின் முறுக்கையும் தளர்த்தினார். சுருதி தாழ்ந்தது, ஓசை கனத்தது. உலோகம் என்று பொருள்படும் பெயரைப் பெற்ற ஓர் இசையின் வரலாற்றில் உலோகத்தகடே இவ்வாறு குறுக்கிட்டமை விந்தைதான்.

தந்தியின் ஒலியை விரியலாக்கி தாங்கும் அளவிற்கு மேலாகச் செலுத்தினால், ஒலியலையின் முடிகள் வெட்டுண்டு தட்டையாகின்றன. அவ்வெட்டிலிருந்து மூலத்தில் இல்லாத மேற்றொனிகள் பல தோன்றுகின்றன. மெற்றல் கிற்றாரின் கரகரப்பு இதுவே. இந்நிலையில் மூன்று நான்கு சுரங்களை ஒருங்கே மீட்டினால் மேற்றொனிகள் ஒன்றோடொன்று மோதிக் குழம்பும். ஆதலின் இக்கலைஞர் பெரும்பாலும் ஆதாரசுரத்தையும் அதன் பஞ்சமத்தையும் மட்டுமே சேர்த்து மீட்டுவர். தம்புராவின் சுருதியிலே பழகிய செவிக்கு 'ச', 'ப' என்னும் அவ்விணைப்பு புதியதன்று. அதன் உடைதான் முரடானது.

இனி, குரலின் கதைக்கு வருவோம். பின்லாந்தின் கிழக்கே, உருசிய எல்லைக்கு அண்மையில், கித்தே என்னும் சிறு பட்டினம் உண்டு. 1996ஆம் ஆண்டில் அவ்வூர் இளைஞர் தூமாஸ் ஹோலோபாய்னன், தந்திக் கிற்றாரும் இசைப்பலகையும் ஒரு பெண்குரலும் மட்டுமே அமைந்த மென்மையான இசையொன்றை உருவாக்க எண்ணினார். கிற்றார் வாசிக்க எம்ப்பு வூரினனும், பாடுதற்குத் தார்யா துருனன் என்னும் மாணவியும் வந்து சேர்ந்தனர். துருனன் சாஸ்திரீய முறையிலே குரற்பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தவர். மூன்று பாடல்களைப் பதிவுசெய்து கேட்டபொழுது ஒரு சிக்கல் புலப்பட்டது. அக்குரல் அந்த மென்மையான இசைக்குள் அடங்கவில்லை! சிறு அகலுக்குள் தீவட்டியை ஏற்றிவைத்தாற்போல இருந்தது.

இவ்விடத்திலே வேறொருவராயின் குரலைக் குறைத்துப் பாடுமாறு கேட்டிருப்பர். அன்றி வேறொரு பாடகியைத் தேடியிருப்பர். ஹோலோபாய்னன் இசையைப் பெருக்கினார். மின்கிற்றார் வந்தது; யுக்கா நெவலைனனின் முரசுகள் வந்தன. 1997இல் முதற்றொகுப்பு வெளியாயிற்று. அது தயக்கம் நிறைந்த ஆக்கம். அதிலே ஹோலோபாய்னனும் இடையிடையே பாடுகின்றார். அடுத்த ஆண்டு வந்த 'ஓஷன்போர்ன்' தொகுப்பிலோ தயக்கம் இல்லை. அப்பொழுது துருனனுக்கு வயது 21.

பெண்குரல் மெற்றலிற் புகுந்தது இதுவே முதன்முறை என்று கொள்ளலாகாது. 1995ஆம் ஆண்டிலேயே நோர்வே நாட்டின் தியேட்டர் ஒவ் திரஜடி குழுவினர் ஆணின் கரடுமுரடான உறுமலையும் பெண்ணின் மென்குரலையும் மாறிமாறி ஒலிக்கச்செய்தனர். அதே ஆண்டில் ஒல்லாந்தின் த கதரிங் குழு, அனேக்க வான் கீர்ஸ்பேர்கனின் குரலைத் தனியே முன்னிறுத்திற்று. நைற்விஷ் செய்த புதுமை, விரைவும் வலிவும் மிக்க மெற்றலின்மீது ஒப்பெராப் பாடகியின் முழுக்குரலை ஏற்றிவைத்தமையே எனலாம்.

அத்தனை ஓசையிலும் அக்குரல் மூழ்காதிருப்பது எங்ஙனம்? ஒலிப்பதிவுக்கூடத்தில் எந்தக் குரலையும் வேண்டிய அளவு உயர்த்தலாம் என்பது உண்மையே. ஆனால் அது மட்டும் காரணமன்று. கிற்றாரின் தாழ்ந்த தந்தி ஏறத்தாழ 82 ஏர்ட்சு மீடிறனில் அதிர்கின்றது. உச்சக்குரற் பாடகியோ அதற்குப் பன்மடங்கு உயர்ந்த மீடிறனிலே உலாவுகின்றார். உயர்ந்த சுரங்களைப் பாடும்பொழுது, பயின்ற பாடகி வாயைத் திறக்கும் அளவை மாற்றி, வாய்க்குழியின் பரிவைப் பாடும் சுரத்தோடு பொருந்தச் செய்கின்றார். ஒலி பெருகுகின்றது, ஆனால் உயிரெழுத்துக்களின் வேறுபாடு மங்குகின்றது. சொற்கள் விளங்கவில்லையே என்று வருந்தும் நேயர், அது பாடகியின் உச்சரிப்புக் குறையன்று, உயரத்திற்குக் கொடுத்த விலை என்று அறிந்துகொள்ளலாம். இன்னும், கிற்றாரும் முரசும் மிக விரைந்தோட, குரல் அதே தாளத்தின்மேல் நீண்ட கார்வைகளாக நிற்கின்றது. விரைந்தோடும் ஆற்றின்மேலே பருந்து மிதப்பதைப்போல, இருவேறு நடைகளையும் செவி எளிதிற் பிரித்தறிகின்றது.

புதிதாகக் கேட்பவர் தொகுப்பின் முதற்பாடலிலிருந்து தொடங்கவேண்டுவதில்லை. அது சற்றே மிரட்டும். 'வோக்கிங் இன் த எயர்' என்ற பாடலிலே தொடங்குவது நன்று. அது ஹவார்ட் பிளேக் என்பார், 1982ஆம் ஆண்டின் 'த ஸ்னோமன்' என்னும் கேலிச்சித்திரப் படத்திற்காக இயற்றியது. அப்படத்திலே தேவாலயப் பாடகனான ஒரு சிறுவன் பாடியது. மெட்டு அதுவே; ஆயின் மென்மையாகத் தொடங்கும் பாடலினுள் கிற்றாரும் முரசும் புகுந்தபின், பனியின்மேல் மிதந்த குழந்தையின் வியப்பு வேறொன்றாகின்றது. அதன்பின் 'பஷன் அண்ட் த ஒப்பெரா' என்ற பாடலைக் கேட்கலாம். அதிலே பாடகி சொல்லை விடுத்து, அகாரமாகவே சுரங்களில் விரைந்து ஏறியிறங்குகின்றார். தப்பியோ வில்ஸ்கா என்பார் உறுமிப் பாடும் இரு பாடல்களை இறுதிக்கு வைத்துக்கொள்ளுதல் நலம்.

இத்தொகுப்பின் வெற்றி ஒரு கேள்வியையும் உடன்கொணர்ந்தது. ஒரு குரலுக்காகவே பெருக்கப்பட்ட இசை, அக்குரல் நீங்கினால் என்னாகும்? 2005ஆம் ஆண்டு ஒக்ரோபர் 21ஆம் நாள் எல்சிங்கி நகரிலே நிகழ்ந்த பெருங்கச்சேரி முடிந்தபின், குழுவின் மற்றையோர் துருனனிடம் கடிதமொன்றைக் கொடுத்து அவரை விலக்கினர். கடிதம் பகிரங்கமாகவும் வெளியிடப்பட்டது. ஒன்பது ஆண்டுகள் உடன்பாடியவரை அனுப்பும் முறை அதுவன்று என்று வருந்திய இரசிகர் பலர். 2007இல் சுவீடன் நாட்டு அனெற் ஒல்சொன் பாடிய தொகுப்பு வந்தது. அவர் குரல் ஒப்பெராக் குரலன்று. ஆகவே மெட்டுக்களும் தாழ இறங்கிவந்தன. 2012இல் அவரும் நீங்க, ஒல்லாந்தைச் சேர்ந்த புளோர் யான்சன் அவ்விடத்திற்கு வந்தார். 2018ஆம் ஆண்டில் பழைய பாடல்களை மீண்டும் எடுத்துக்கொண்டு குழு சுற்றுப்பயணம் புறப்பட்டபொழுது, கித்தே மாணவிக்கென்று இருபது ஆண்டுகளுக்கு முன் அமைக்கப்பட்ட மெட்டுக்களை யான்சன் தமக்குரிய குரலிலே பாடினார்.