காலை மாத்திரையும் காபியும்

மும்பையின் மாதுங்காவிலாயினும், தில்லியின் கரோல் பாகிலாயினும், கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டுப் பகுதியிலாயினும், தமிழர் குடியிருக்கும் வீடு எது என்பதை விடியற்காலையில் மூக்கே சொல்லிவிடும். டிகாக்ஷன் இறங்கும் மணம் அத்தகையது. ஊரும் மொழியும் மாறினும் இவ்வழக்கத்தை நாம் விடுவதில்லை. விட வேண்டுமென்று இங்கே கூறப் போவதுமில்லை. ஆனால் நம் வீடுகள் பலவற்றில் அக்காபித் தம்ளரின் அருகே இப்பொழுது ஒரு சிறு மாத்திரையும் காத்திருக்கின்றது. அது தைராய்டு மாத்திரை. அதனை எவ்வாறு உண்டால் நலம் விளையும், எவ்வாறு உண்டால் தீங்கு நேரும் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல அமைந்திருப்பது தைராய்டு சுரப்பி. உணவின் வழியே வரும் அயோடினைக் கொண்டு அது தைராக்ஸின் என்னும் ஹார்மோனை ஆக்கி இரத்தத்தில் விடுகின்றது. உடலாகிய அடுப்பு எந்த அளவில் எரிய வேண்டும் என்பதை நிர்ணயிப்பது அதுவே. அது குறைந்தால் சோர்வு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், தோல் வறட்சி, மறதி ஆகியவை தோன்றும். உடல் எடையும் ஏறும். மிகுந்தாலோ நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்வை பெருகும், உடல் மெலியும்.

இக்குறையை ஈடு செய்யும் வழியை உலகிற்குக் காட்டியவர் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்து மருத்துவர் ஜார்ஜ் மர்ரே. 1891ஆம் ஆண்டில் அவர் ஆட்டின் தைராய்டுச் சாற்றை 46 வயதுப் பெண்மணி ஒருவருக்கு ஊசி வழியே செலுத்தினார். மிகவும் நலிந்திருந்த அவர், அச்சிகிச்சையின் துணையால் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1914ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டல் என்பவர் தைராக்ஸினைத் தனியே பிரித்தெடுத்தார். இன்று நாம் உண்ணும் லெவோதைராக்ஸின் மாத்திரை ஆட்டிலிருந்து எடுக்கப்படுவதன்று. அதே ஹார்மோன் தொழிற்சாலையில் செய்யப்படுகின்றது.

இம்மாத்திரையின் இயல்பை முதலில் உணர்தல் வேண்டும். காய்ச்சலுக்கு உண்ணும் மருந்து, காய்ச்சல் நீங்கியதும் நின்றுவிடும். தைராய்டு மாத்திரையோ, உடல் தானே ஆக்கிக்கொள்ள வேண்டிய பொருளை வெளியிலிருந்து ஈடு செய்வது. ஆகவே இதற்கு வேண்டுவன இரண்டு: சரியான அளவு, மாறாத ஒழுங்கு. ஒழுங்கு தவறினால் அளவும் தவறும். இதற்கு நாமறிந்த ஒரு நிகழ்ச்சியே சான்று.

நாகபுரியில் வாழ்ந்த நம் உறவினரான அம்மையார் ஒருவர் பல ஆண்டுகளாக இம்மாத்திரையைக் காபியோடே விழுங்கி வந்தார். பரிசோதனை ஒவ்வொன்றிலும் ஹார்மோன் போதவில்லை என்றே தெரிந்தது. மருத்துவர் மாத்திரையின் அளவை உயர்த்தினார், மீண்டும் உயர்த்தினார். காபியைப் பற்றி அவரும் கேட்கவில்லை, அம்மையாரும் சொல்லவில்லை. பின்னர் அவர் புனேயிலுள்ள மகன் வீட்டிற்குக் குடிபெயர்ந்தார். மருமகள் விவரம் அறிந்தவர். விடியற்காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை கொடுத்து, ஒரு மணி நேரம் சென்றபின்னரே காபி தந்தார். முறையானதைத்தான் செய்தார். ஆயினும் இரண்டு மாதத்திற்குள் அம்மையாருக்கு நெஞ்சு படபடத்தது, உறக்கம் போயிற்று. ஊர் மாறியதன் விளைவு என்று வீட்டார் எண்ணியிருந்தனர். பரிசோதனை செய்த பிறகே உண்மை விளங்கிற்று. ஒரு பகுதி காபியால் வீணாகி வந்தபோது உயர்த்தப்பட்ட அளவு, இப்பொழுது வீணாகாமல் இரத்தத்தில் சேர்ந்து மிகையாகிவிட்டது! அளவைக் குறைத்ததும் அவர் நலமடைந்தார்.

காபி குடல் இம்மருந்தை ஈர்த்துக்கொள்வதைத் தடை செய்கின்றது. உணவும் அவ்வாறே. ஆதலின் காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீருடன் மாத்திரையை உண்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை பொறுத்துக் காபி அருந்துவதே முறை. அதற்கு இயலாதவர்கள் மருத்துவரைக் கலந்துகொண்டு, இரவு உணவு முடிந்து 3 மணி நேரமேனும் சென்றபின் படுக்கப் போகுமுன் உண்ணலாம். எம்முறையாயினும் நாள்தோறும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். நெடுநாள் காபியோடு உண்டு வந்தவர்கள் இதைப் படித்து வழக்கத்தை மாற்றுவதாயின், மருத்துவரிடம் சொல்லிவிட்டே மாற்றுக. அந்த அம்மையாரின் அனுபவம் போதிப்பது இதுவே.

காபியைப் போலவே தடை செய்வன இரும்புச் சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும். நெஞ்செரிச்சலுக்கு உண்ணும் அமிலமுறி மருந்துகள் சிலவும் இவ்வகையின. தைராய்டு மாத்திரைக்கும் இவற்றிற்கும் இடையே 4 மணி நேரம் விடுதல் வேண்டும். வலிப்பு நோய்க்கோ, இரத்தம் உறையாதிருப்பதற்கோ மருந்து உண்பவர்கள் அதனையும் மருத்துவரிடம் கூறுதல் அவசியம்.

இனி, டி.எஸ்.எச். என்னும் பரிசோதனை. இந்த எண் உயர்ந்திருந்தால் தைராய்டு மிகுதி என்று பலர் நினைக்கின்றனர். பெரும்பாலும் உண்மை இதற்கு நேர்மாறானது. டி.எஸ்.எச். என்பது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி விடுக்கும் ஏவல். வேலையாள் மந்தமானால் மேற்பார்வையாளர் குரலை உயர்த்துவதுபோல, தைராக்ஸின் குறைந்தால் இவ்வேவல் ஓங்குகின்றது, மிகுந்தால் அடங்குகின்றது. தைராக்ஸின் இரத்தத்தினின்று மெதுவாகவே குறைவது. பாதி குறைவதற்கே ஏறத்தாழ ஒரு வாரமாகும். ஆகவே அளவை மாற்றியபின் 6 முதல் 8 வாரங்கள் சென்று பரிசோதித்தால்தான் பயன் தெரியும். இக்காரணத்தாலேயே ஒரு நாள் மறந்துவிட்டால் பெருங்கேடு ஒன்றும் இல்லை. அன்றே நினைவு வந்தால் உண்ணலாம். மறுநாள் இரண்டாகச் சேர்த்து உண்ணுதல் கூடாது.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு மற்றொரு கவனமும் வேண்டும். கடைக்காரர் பேசும் மொழி நமக்குப் புரியாமற் போகலாம். நாம் கேட்ட மருந்து அங்கே வேறு பெயரில் விற்கலாம். ஆகையால் வணிகப் பெயரை மட்டும் நம்பாது, லெவோதைராக்ஸின் என்னும் மருந்துப் பெயரையும் அளவையும் ஒப்பிட்டுப் பார்த்தே வாங்குதல் நலம். இதன் அளவு மைக்ரோகிராமில் குறிக்கப்படுவது. 1,000 மைக்ரோகிராம் சேர்ந்ததே ஒரு மில்லிகிராம். எனவே 100 மைக்ரோகிராமும் 0.1 மில்லிகிராமும் ஒன்றே. 25க்கும் 125க்கும் உள்ள வேற்றுமை ஓர் இலக்கந்தான். உடலுக்கோ அது ஐந்து மடங்கு! கம்பெனி மாறினால் மருத்துவருக்குத் தெரிவித்து, பரிசோதனை செய்துகொள்க. மாற்றலாகி வேறூர் செல்வோர் மருந்துச் சீட்டையும் கடைசிப் பரிசோதனை முடிவையும் உடன் கொண்டு செல்க. கோடை வெப்பமும் மழைக்கால ஈரமும் மாத்திரையின் வீரியத்தைக் கெடுப்பவை. அடுப்பங்கரை அலமாரி இதற்கு ஏற்ற இடமன்று.

உடல் தேறிவிட்டதென்று மாத்திரையைத் தாமே நிறுத்துவோர் உண்டு. தேறியதே மாத்திரையால் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். விரத நாள் என்றும் பிரயாணம் என்றும் விடுதலும் ஆகாது. அயோடின் கலந்த உப்பு உண்கிறோமே என்பதும் மாத்திரைக்கு ஈடாகாது. உப்பு சுரப்பிக்கு மூலப்பொருள் தரும், பழுதான சுரப்பியைச் செப்பனிடாது. எடை குறையட்டும் என்று மிகுதியாக உண்பதோ பேராபத்து. மிகையான தைராக்ஸின் இதயத்தின் தாளத்தைக் குலைக்கும். எலும்பை, அதிலும் மாதவிடாய் நின்ற பெண்களின் எலும்பை, நலிவிக்கும். நெஞ்சுவலியோ கடும் படபடப்போ தோன்றினால் காலம் தாழ்த்தாது மருத்துவரிடம் செல்க.

கருவுற்ற பெண்கள் இதில் தனிக் கவனம் கொள்ள வேண்டியவர்கள். முதல் மூன்று மாதங்களில் கருவிலுள்ள சிசுவின் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய தைராக்ஸின் தாயிடமிருந்தே செல்கின்றது. ஆதலின் கருவுற்ற தாய்க்குப் பெரும்பாலும் மாத்திரையின் அளவை உயர்த்த நேரும். கருவுற்றது தெரிந்தவுடனே, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று இராமல், மருத்துவருக்கு அறிவித்தல் வேண்டும். கர்ப்பிணிக்கு மாத்திரை ஆகாது என்று பெரியோர் அன்பினால் கூறக்கூடும். இம்மாத்திரையை நிறுத்துவதுதான் குழந்தைக்கு ஆகாதது. கர்ப்பகாலத்தில் இரும்பும் கால்சியமும் தரப்படுமாதலால், முன்னர்ச் சொன்ன 4 மணி நேர இடைவெளியையும் மறத்தலாகாது.

இன்றிரவே மாத்திரையையும் ஒரு செம்புத் தண்ணீரையும் படுக்கையருகே, சிறு குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துக்கொள்ளலாம். கண் விழித்ததும் மாத்திரை. பின்பு குளியல், கோலம், செய்தித்தாள். அதற்குள் நேரமும் கழிந்துவிடும், டிகாக்ஷனும் இறங்கிவிடும். காத்திருந்து குடிக்கும் காபிக்குச் சுவை சற்றுக் கூடுதலன்றோ!