நெல்லின் மரபணு ஆராய்ச்சியும் உத்தியோகமும்

வெள்ளத்தில் பல நாள் மூழ்கிய நெற்பயிர் அழுகிப்போதலை டெல்டா மிராசுதார்கள் நன்கறிவர். ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ என்னும் நெல்லோ சுமார் இரண்டு வாரம் மூழ்கியும் பிழைக்கவல்லது. இக்குணத்திற்குரிய மரபணு 2006-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் அதனைக் கோ 43 நெல்லில் சேர்த்தனர்.

இவ்வேலை வயலில் மாத்திரம் நடைபெறுவதன்று. நெல்லின் 12 குரோமோசோம்களிலும் ஏறக்குறைய 39 கோடி மரபெழுத்துக்கள் உள. அவற்றுள் வேண்டிய இடத்தைத் தேடக் கணிப்பொறியறிவு வேண்டும். ஒட்டிய பயிரின் ஒவ்வொரு தலைமுறையிலும் நாற்றின் இலையைக் கிள்ளி, டி.என்.ஏ.யைப் பிரித்து, அம்மரபணு வந்துளதா என்று சோதிக்கக் கைத்தேர்ச்சி வேண்டும். ஆகவே மூலக்கூறு உயிரியலிலும் உயிர்த் தகவலியலிலும் எம்.எஸ்ஸி. தேறியோருக்குப் பல்கலைக்கழகங்களில் இளநிலை ஆராய்ச்சியாளர் இடங்கள் அவ்வப்போது ஏற்படுகின்றன. நெட் முதலிய பரீட்சைகளில் தேறியவருக்கு மத்திய சர்க்கார் 2023 ஜனவரி முதல் நிர்ணயித்த உதவித்தொகை மாதம் ரூ. 37,000, வீட்டு வாடகைப்படி வேறு. அப்பரீட்சை தேறாதவர் பெறுவது இதனினும் குறைவே.

இது நிரந்தர உத்தியோகமன்று. திட்டத்திற்கு ஒதுக்கிய பணம் தீர்ந்தால் வேலையும் தீரும். பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளே. அதற்குள் பிஎச்.டி. பட்டத்திற்குப் பதிவு செய்துகொள்பவனே மேலே செல்வான். இதனை விசாரியாமல் நிலத்தை ஈடு வைக்கும் தந்தையர் உளர். கணிதத்தில் மனம் செல்லாத பிள்ளையை உயிர்த் தகவலியலில் தள்ளுவதும் வீண் செலவே.

நெட் பரீட்சையின் வயதுச் சலுகைக்குச் சாதிச் சான்று வேண்டும். கிராம அதிகாரியின் அறிக்கை தாமதித்தால் மனுவின் கெடு கடந்துவிடும்.