தலைவலியைத் தூண்டுவது எது? ஒரு மாதக் குறிப்பு உங்களுக்கே சொல்லும்

காலையில் ஒரு டீ மட்டும் குடிச்சிட்டு சித்தேரியில் பஸ் ஏறுறீங்க. அரூருக்கு இறங்கும் மலைப்பாதை முழுக்க வளைவு. போன இடத்தில் வரிசை, வெயில், வேலை முடியுமோ முடியாதோ என்ற கவலை. சாப்பிடும்போது மணி மூணு. சாயங்காலம் வீடு திரும்பும்போது நெற்றிப்பொட்டு தெறிக்குது. ‘எல்லாம் வெயிலாலதான்’ என்று சொல்லி, கடையில் வாங்கிய மாத்திரையைப் போட்டுக்கிட்டுப் படுத்துடறீங்க.

வெயில் மட்டும்தான் காரணமா? காலி வயிறு, குடிக்காத தண்ணீர், விடியற்காலையில் எழுந்ததால் குறைந்த தூக்கம், பயணக் குலுக்கல், மனக்கவலை என்று அந்த ஒரே நாளில் ஐந்தாறு விஷயங்கள் சேர்ந்திருக்கின்றன. இவற்றைத்தான் மருத்துவர்கள் தலைவலியின் ‘தூண்டிகள்’ என்கிறார்கள். உங்களுக்கு எது தூண்டி என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எந்த வகைத் தலைவலி?

2021-ல் உலகம் முழுவதும் சுமார் 310 கோடிப் பேருக்குத் தலைவலிப் பிரச்சினை இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இரண்டு வகைகளை நாம் அதிகம் பார்க்கிறோம். தலையைச் சுற்றித் துணியால் இறுக்கிக் கட்டியது போல இருந்தால், அது பெரும்பாலும் இறுக்கத் தலைவலி. ஒரு பக்கமாகத் துடித்து, குமட்டலுடன், வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமல் போனால் அது ஒற்றைத் தலைவலியாக (மைக்ரேன்) இருக்கலாம். சிகிச்சை எடுக்காவிட்டால் இது 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை நீடிக்கும். ஹார்மோன் மாற்றங்களால் பெண்களுக்கு அதிகம் வருகிறது.

போனில் ஒரு மாதம் குறிச்சு வைங்க

இதற்குத் தனி ஆப் தேவையில்லை. மலையில் சிக்னல் இல்லாட்டியும் போனில் உள்ள குறிப்பேடு வேலை செய்யும். தினமும் படுக்கும் முன் இவற்றை எழுதுங்க:

• வலி வந்ததா? எத்தனை மணிக்கு? 0 முதல் 10 வரை எவ்வளவு?
• முந்தின இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீங்க?
• எந்த வேளை சாப்பாடு தவறியது? தண்ணீர், டீ, காபி எவ்வளவு?
• என்ன வேலை, என்ன கவலை, வெயிலா, அடுப்புப் புகையா?
• என்ன மாத்திரை போட்டீங்க?
• பெண்கள் மாதவிடாய் நாட்களையும் குறிக்கவும்.

வலி வராத நாளையும் எழுதுவது முக்கியம். புளி உலுக்க அஞ்சு நாள் வெயிலில் போயிருக்கீங்க, ஒரு நாள்தான் வலி வந்தது என்றால் வெயிலை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அந்த ஒரு நாள் சாப்பிடாமல் போனீங்களா என்று குறிப்பைப் பாருங்க.

இன்னொன்று: ஒற்றைத் தலைவலி தொடங்கும் முன்பே சிலருக்குக் கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, இனிப்பு சாப்பிடும் ஆசை வரும். ‘இனிப்பு சாப்பிட்டதால் வலி வந்தது’ என்று நாம் நினைப்போம். உண்மையில் வலி முன்பே கிளம்பியிருக்கும்.

எதைத் திருத்துவது, எதைப் பழகுவது?

திருத்தக்கூடிய தூண்டிகளை முதலில் திருத்துங்க. வேளைக்குச் சாப்பாடு, தினமும் ஒரே நேரத்தில் தூக்கம், போதுமான தண்ணீர், சமையல் புகை வெளியேற வழி. காபியைத் திடீரென நிறுத்தினாலும் தலைவலி வரும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைங்க.

ஆனால் வெயில், சத்தம், கூட்டம், பயணம், மனக்கவலை இவற்றை எல்லாம் முழுசா ஒதுக்கிவிட்டு வாழ முடியுமா? ‘தலைவலி வரும்’ என்று ஒவ்வொன்றாக ஒதுக்கினால் வேலையும் உறவும் சுருங்கிப் போகும். ஆஸ்திரேலிய உளவியலாளர் பால் மார்ட்டின் குழுவினர் இதைச் சோதித்து 2014-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். தூண்டிகளைத் தவிர்க்கச் சொல்லப்பட்டவர்களுக்கு வலி சுமார் 13 சதவீதம் குறைந்தது. சில தூண்டிகளைச் சமாளிக்கப் பழகியவர்களுக்குச் சுமார் 36 சதவீதம் குறைந்தது.

பழகுவது எப்படி? வலி இல்லாத நாளில், கொஞ்ச நேரம் மட்டும் அந்தச் சூழலில் இருந்து, மெல்ல மெல்ல நேரத்தைக் கூட்டுவது. கடுமையான ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் மருத்துவர் ஆலோசனையுடன் செய்யவும். பசி, தூக்கமின்மை, தாகம் இவற்றுக்குப் பழகக் கூடாது, அவை உடம்புக்கே கேடு.

மனக்கவலைக்குத் தசை தளர்த்தும் பயிற்சி உதவும். கையை 5 விநாடி இறுக்கி, 15 விநாடி தளர்த்துங்க. பிறகு தோள், கழுத்து, தாடை, நெற்றி. மூச்சை நிதானமாக விடுங்க. தினமும் 10 நிமிடம் போதும், வலி வந்த பிறகு மட்டும் செய்தால் பலன் குறைவு.

மாத்திரைக் கணக்கு

வலி மாத்திரையே வலியைக் கொண்டுவரும் என்பது பலருக்குத் தெரியாது. பாராசிட்டமால் போன்ற சாதாரண மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, பல மருந்து கலந்த மாத்திரையை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டுவந்தால் தலைவலி நிரந்தர விருந்தாளி ஆகிவிடலாம். உங்கள் குறிப்பில் இந்த எண்ணிக்கை வந்தால் மருத்துவரிடம் காட்டுங்க. நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்.

விடியட்டும் என்று காத்திருக்காதீங்க

சில தலைவலிக்குக் குறிப்பேடு வேண்டாம், 108 தான் வேண்டும்:

• இடி விழுந்தது போல் திடீரென உச்சத்துக்குப் போகும் வலி
• கை கால் பலவீனம், வாய் கோணல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல், வலிப்பு
• காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு
• தலையில் அடிபட்ட பின் வரும் வலி
• கர்ப்பிணிகளுக்கு வரும் கடும் தலைவலி

50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தலைவலியையும் உடனே காட்டவும். மலைக் கிராமத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு இறங்கவே நேரம் ஆகும். அதனால் இரவானாலும் தாமதிக்காமல் அழைப்பது உயிரைக் காக்கும்.

வீட்டிலிருந்தே கிடைக்கும் உதவி

104 எண்ணில் மருத்துவ ஆலோசனை கேட்கலாம். சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் இ-சஞ்சீவனி மூலம் மருத்துவரிடம் இலவசமாகப் பேசலாம். கவலை, தூக்கமின்மை என்றால் 2022-ல் தொடங்கிய டெலிமானஸ் எண் 14416, தமிழிலும் 24 மணி நேரமும் பேசுவார்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்டது. அதன் பணியாளர் வீட்டுக்கு வரும்போது இரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் போனில் உள்ள ஒரு மாதக் குறிப்பை மருத்துவரிடம் காட்டுங்க. ‘அடிக்கடி வலிக்குது’ என்பதைவிட அது அவருக்கு அதிகம் சொல்லும்.

அடுத்த முறை அரூருக்குப் போகும் நாளில் ஒரு உருண்டை களி சாப்பிட்டு, ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கிட்டு பஸ் ஏறிப் பாருங்க. ராத்திரி மறக்காமல் குறிப்பில் எழுதுங்க.